ஜான், யோவான், இவான், ஹுவான்: ஒரே பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாற்றைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கத் தொடங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜான் நிற்பார். அரசர், பாப்பரசர், துறவி, கலகக்காரர், இசைமேதை எல்லோருக்கும் அதே பெயர். உச்சரிப்புதான் நாட்டுக்கு நாடு வேறு. வரலாறு சொல்லிக்கொடுக்கிற எனக்கு வகுப்பிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் சரி, இந்தப் பெயரைப் பற்றி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது; பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

"ஜான்னா அது இங்கிலீஷ் பேர்தானே சார்?"

இல்லை. ஆங்கிலத்துக்கு இந்தப் பெயர் வந்தது மிகவும் பிந்தி. இதன் வேர் எபிரேய மொழியில் உள்ள யோஹனான். 'கடவுள் அருள்புரிந்தார்' என்று பொருள். அது கிரேக்கத்தில் யோஆன்னெஸ் ஆகி, லத்தீனில் யோஹன்னெஸ் ஆகி, கிறிஸ்தவத்தோடு சேர்ந்து ஐரோப்பா முழுவதும் பரவியது.

1066-ல் வட பிரான்சின் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே குருமார்கள், துறவிகள் சிலருக்குத்தான் இந்தப் பெயர் இருந்தது. சாதாரண குடும்பங்களில் பழைய சாக்ஸன் பெயர்களே வைத்தார்கள். நார்மன்கள் வந்தபிறகு நிலைமை மாறியது. 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயராகவே ஜான் ஆகிவிட்டது.

"இவான், ஹுவான், ஹான்ஸ் எல்லாம் ஒரே பேருங்கிறாங்க. கேட்டா ஒண்ணு மாதிரியே இல்லையே?"

முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் புரியும். லத்தீனில் அது 'ய'. ஜெர்மன் அதை அப்படியே வைத்துக்கொண்டது: யோஹான். பிரெஞ்சில் அது 'ழ' போல ஒலிக்கும் ழான் ஆனது. ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் 'ஜ': ஜான், ஜொவான்னி. ஸ்பானியத்தில் தொண்டையிலிருந்து வரும் 'ஹ': ஹுவான். போர்ச்சுகீசியத்தில் ஜோவாவ். ரஷ்யர்கள் லத்தீன் வழியாகப் போகாமல் கிரேக்கத்திலிருந்து எடுத்தார்கள். யோவான் என்பது அவர்கள் வாயில் இவான் ஆனது.

ஹான்ஸ் வந்த வழி வேறு. யோஹன்னெஸ் என்ற நீண்ட பெயரின் தலையை விட்டுவிட்டு வாலை மட்டும் எடுத்தார்கள்: ஹன்னெஸ், அப்புறம் ஹான்ஸ். அயர்லாந்தில் இன்னும் வேடிக்கை. லத்தீனிலிருந்து நேரடியாக வந்த ஓவின் என்ற வடிவமும் உண்டு. பிறகு நார்மன்களின் பிரெஞ்சு வழியாக வந்த ஷான் என்ற வடிவமும் உண்டு. ஒரே தெருவில் ஓவினும் ஷானும் இருப்பார்கள், இருவருக்கும் ஒரே பெயர்தான். ஸ்காட்லாந்தின் இயன், வேல்ஸின் எவன், போலந்தின் யான், ஃபின்லாந்தின் யுஹானி எல்லாம் இதே குடும்பம்.

"பைபிள்ல எந்த யோவானை வெச்சு இந்தப் பேரு பரவிச்சு?"

இருவர். இயேசுவுக்கு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குக் கொடுத்தவர் ஒருவர். பன்னிரு சீடர்களில் ஒருவரும் நான்காம் நற்செய்தியை எழுதியவராக மரபு சொல்பவரும் மற்றவர். முதலாமவரின் பிறந்தநாள் ஜூன் 24, அவர் தலை வெட்டப்பட்ட நினைவு ஆகஸ்ட் 29. சீடரின் திருநாள் டிசம்பர் 27, அதாவது கிறிஸ்துமஸுக்கு மூன்றாம் நாள்.

பெயர் வைக்கும் காட்சியே லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. வயதான செக்கரியா, எலிசபெத்து தம்பதிக்குப் பிள்ளை பிறக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி, அப்பா பெயரையே வைக்கலாம் என்கிறார்கள். எலிசபெத்து ஒத்துக்கொள்ளவில்லை, யோவான் என்றுதான் வைக்க வேண்டும் என்கிறாள். "உங்கள் உறவில் யாருக்குமே அந்தப் பெயர் இல்லையே" என்று அவர்கள் விடாமல் கேட்கிறார்கள். பேச்சு இழந்திருந்த செக்கரியா எழுதுபலகை ஒன்றை வாங்கி, "இவன் பெயர் யோவான்" என்று எழுதிக் காட்டுகிறார். குடும்பத்தில் யாருக்குமே இல்லாத பெயர் என்று அன்றைக்கு ஆட்சேபித்தார்களே, அதே பெயர்தான் பிற்பாடு ஐரோப்பாவில் வீட்டுக்கு ஒன்று என்று ஆனது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

"எங்க பாட்டி அருளப்பர்னு சொல்லுவாங்க, இப்ப கோயில்ல யோவான்னு வாசிக்கிறாங்க. ரெண்டு பேரும் வேற வேறயா?"

ஒரே ஆள். பழைய கத்தோலிக்கத் தமிழில் பெயரின் ஒலியைக் கொண்டுவராமல் பொருளைக் கொண்டுவந்தார்கள். கடவுளின் அருள் என்று பொருள் இருப்பதால் அருளப்பர். திருமுழுக்குக் கொடுத்தவர் ஸ்நாபக அருளப்பர். அந்தப் பெயரில் இன்றும் ஆலயங்கள் இருக்கின்றன. சீர்திருத்த சபையார் தொடக்கத்திலிருந்தே ஒலியைத் தழுவி யோவான் என்று எழுதினார்கள். இரு தரப்பும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-ல் வந்தபோது யோவான் என்பதே பொது வடிவமானது. பாட்டி சொன்னது தவறில்லை. அருளப்பர் என்ற பெயர் புழக்கத்திலிருந்து குறைவதில் எனக்கு வருத்தம் உண்டு. அவ்வளவு அழகான தமிழ்.

"அப்ப ஓரியூர் அருளானந்தர்தான் அருளப்பரா?"

இல்லை, ஆனால் அவருக்கும் அதே பெயர்தான். 1647-ல் லிஸ்பனில் பிறந்த அவருடைய பெயர் ஜோவாவ் டி பிரிட்டோ. சிறுவயதில் போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து மதுரை மறைப்பணிக்கு வந்து, தமிழ்த் துறவிகளைப் போல உடையும் உணவும் ஏற்று, அருளானந்தர் என்ற பெயரையும் ஏற்றார். ஜோவாவ் என்பதில் இருக்கும் அந்த அருள்தான் இந்தப் பெயரின் முதல் பாதியிலும் வருகிறது.

1693 பிப்ரவரி 4 அன்று, கிழவன் சேதுபதி ஆட்சிக் காலத்தில், ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்த இடத்துச் செம்மண்ணை மக்கள் இன்றும் பக்தியோடு எடுத்துப்போகிறார்கள். 1947-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆங்கில நூல்களில் 'ஜான் டி பிரிட்டோ' என்று பார்த்து அவரை ஆங்கிலேயர் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. அவர் போர்ச்சுகீசியர்.

"ஜாக்னா தனிப் பேர்தானே? அதை எப்படி ஜானோட செல்லப்பேர்னு சொல்றாங்க?"

பிரெஞ்சில் ழாக் என்று ஒரு பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. ழாக் என்பது யாக்கோபின் வடிவம். ஆங்கில ஜாக் அதிலிருந்து வரவில்லை. ஜானுக்கு 'கின்' என்ற குட்டி விகுதி சேர்த்து ஜான்கின் என்று கொஞ்சினார்கள். அது ஜாக்கின் ஆகி, ஜாக் என்று நின்றது. அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடியை வீட்டார் ஜாக் என்றே கூப்பிட்டார்கள்.

"ஜோனத்தனைச் சுருக்கினா ஜான் வரும் இல்லையா?"

வராது. ஜோனத்தன், அதாவது யோனத்தான், 'கடவுள் தந்தார்' என்று பொருள்படும் வேறு எபிரேயப் பெயர், தாவீதின் நண்பனுடையது. மீன் வயிற்றில் இருந்த யோனாவும் வேறு. ஆங்கிலத்தில் ஜோனத்தனைச் சுருக்கிக் கூப்பிடும்போது ஜான் போலவே காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

"பொண்ணுங்களுக்கும் இந்தப் பேர் உண்டா?"

நிறைய. ஜோன், ஜேன், ஜீன், ஜேனட், ஜோவன்னா, ஹுவானா, இவானா, ஐரிஷ்காரர்களின் ஷிவான் எல்லாம் இதன் பெண் வடிவங்கள். லூக்கா நற்செய்தியிலேயே இயேசுவோடு சென்ற பெண்களில் யோவன்னா என்று ஒருத்தி இருக்கிறாள்.

இவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் ஜோன் ஆஃப் ஆர்க். அவர் பிரெஞ்சுக்காரி, ழான் என்பதுதான் பெயர். 1431 மே 30 அன்று ரூவன் நகரச் சந்தைத் திடலில் எரிக்கப்பட்டார், 1920-ல் புனிதரானார். இங்கிலாந்தில் லேடி ஜேன் கிரே 1553-ல் ஒன்பது நாள் மட்டுமே அரசியாக இருந்து பிறகு தலையை இழந்தார். ஆனால் என் மனதை அதிகம் வருத்துவது ஸ்பெயினின் ஹுவானா. அங்கே பெரிய அரசாக இருந்த காஸ்தீலின் சட்டப்படியான அரசி. பைத்தியம் என்று பட்டம் கட்டி, முதலில் அப்பாவும் பிறகு மகனும் சேர்ந்து அவரை 1509 முதல் 1555-ல் சாகும்வரை தோர்தெசியாஸ் என்ற ஊரில் அடைத்து வைத்தார்கள். 46 வருடம். ஆட்சி முழுக்க அவர் பெயரில். அதிகாரம் முழுக்க அவர்களிடம்.

"ஜோன்ஸ், ஜான்சன், ஹான்சன், இவனோவ்... இதெல்லாமும் இதுவேவா?"

ஆமாம். நாம் அப்பா பெயரை இனிஷியலாக முன்னால் போடுகிறோம். அவர்கள் பின்னால் போட்டார்கள், அது ஒரு கட்டத்தில் பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது. ஜான்சன் என்றால் ஜானின் மகன். ஜோன்ஸ், ஜென்கின்ஸ், ஜாக்சன், எவன்ஸ், டென்மார்க்கின் ஹான்சன், யென்சன், ஸ்வீடனின் யோஹான்சன், நெதர்லாந்தின் யான்சென், ரஷ்யாவின் இவனோவ், ஸ்பெயினின் இபான்யெஸ் எல்லாம் அதே கதை. வேல்ஸில் மிக அதிகமான குடும்பப் பெயர் ஜோன்ஸ்தான்.

"ஜூன் 24 அன்னைக்கு ஐரோப்பா முழுக்க தீ மூட்டறாங்களாமே, அது எதுக்கு?"

எலிசபெத்து ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்னார் என்கிறது லூக்கா நற்செய்தி. அதனால் கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முந்தி யோவானின் பிறந்தநாளை வைத்தார்கள். ஐரோப்பாவில் பகல் மிக நீளமாக இருக்கும் நாட்களும் அவையே. கோடையின் உச்சத்தைக் கொண்டாடும் பழைய வழக்கங்களும் புனிதரின் திருநாளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 23ஆம் தேதி இரவே தீ மூட்டத் தொடங்கிவிடுவார்கள்.

விழாவின் பெயரே ஆங்காங்கே இந்தப் பெயர்தான்: டென்மார்க்கில் சங்க்த் ஹான்ஸ், ஃபின்லாந்தில் யுஹான்னுஸ், லாட்வியாவில் யானி. லாட்வியாவில் ஆண்கள் கருவாலி இலை மாலையைத் தலையில் சூடுவார்கள். சீமைச்சோம்பு போட்ட பாலாடைக்கட்டியும் பீரும் விடியும்வரை ஓடும். யானிஸ் என்று பெயர் உள்ளவர்களுக்கு அன்றைக்குத் தனி மரியாதை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் அன்றிரவு தெருவில் போகிறவர் வருகிறவர் தலையில் எல்லாம் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுவார்கள். முன்பு இதற்குப் பூண்டுத்தாளைப் பயன்படுத்தினார்கள், இப்போதும் சிலர் அதையே கொண்டுவருகிறார்கள். முன்பின் தெரியாத பாட்டி வந்து 'கீச்' என்று சத்தம் வர உங்கள் உச்சந்தலையில் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"மேற்கத்திய சங்கீதத்துல டோ ரே மி... அதுக்கும் இந்தப் பேருக்கும் என்ன சம்பந்தம்?"

நேரடியான சம்பந்தம். திருமுழுக்கு யோவானின் திருநாளுக்காகப் பாடப்பட்ட லத்தீன் பாடல் ஒன்று உண்டு. 'உத் குவேயந்த் லாக்சிஸ்' என்று தொடங்கும். அதன் மெட்டில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி குய்டோ, பாடகர் குழுவுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்க அந்த அடிகளின் முதல் அசைகளையே எடுத்துக்கொண்டார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா.

பிற்பாடு வாயில் சுலபமாக வராத 'உத்' போய் 'டோ' வந்தது. ஏழாவது சுரத்துக்குப் பாட்டின் கடைசி வரியில் இருக்கும் 'சாங்க்தே யோஹன்னெஸ்' (புனித யோவானே) என்பதன் S, I என்ற இரண்டு லத்தீன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சி' என்று வைத்தார்கள். சங்கீதம் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், லாவுக்கு அப்புறம் ஏன் சி என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும்.

"பாப்பரசர் யோவான் 23 வரைக்கும் இருக்கார். அப்ப 23 பேர் இருந்தாங்களா?"

இல்லை. பாப்பரசர்கள் அதிகம் தேர்ந்துகொண்ட பெயர் யோவான்தான் என்பது உண்மை. எண்ணிக்கை மட்டும் சரியாக வராது. 20ஆம் யோவான் என்று ஒருவர் இருந்ததே இல்லை. பழைய பட்டியல்களில் ஓர் ஆளை இரண்டாக எண்ணிய குழப்பத்தால், 1276-ல் பதவிக்கு வந்த போர்ச்சுகீசியர் நேராக 21ஆம் யோவான் என்று எண் போட்டுக்கொண்டார். அறிஞர், மருத்துவமும் கற்றவர். மறுவருடமே வித்தர்போ நகரில் அவருடைய அறையின் கூரை இடிந்து விழுந்து இறந்துபோனார். நடுவில் 16 என்ற எண்ணும் சட்டப்படியான பாப்பரசராக ஏற்கப்படாத ஒருவருடையது.

பாப்பரசர்கள் பெயர் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கி வைத்ததும் ஒரு யோவான்தான். 533-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் இயற்பெயர் மெர்க்கூரியுஸ். ரோமர்களின் பழைய தெய்வத்தின் பெயரோடு அந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்று நினைத்து இரண்டாம் யோவான் ஆனார்.

"23ஆம் யோவான் ரெண்டு பேர்னு படிச்சேன். எப்படி?"

1378 முதல் 1417 வரை கத்தோலிக்கத் திருச்சபை பிளவுபட்டுக் கிடந்தது. ஒரே நேரத்தில் மூன்று பேர் பாப்பரசர் என்று சொல்லிக்கொண்ட காலமும் உண்டு. அதில் ஒருவர் பல்தசாரே கோசா. 1410-ல் 23ஆம் யோவான் என்ற பெயரோடு வந்தார். பிளவை முடிக்கக் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய பொதுச்சங்கம் 1415-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது.

அந்தச் சங்கத்தை நான் வகுப்பில் எப்போதும் நிதானமாக நடத்துவேன், ஏனென்றால் அதே 1415-ல் அதே சங்கம் தீர்ப்பெழுதியது மூன்று யோவான்களுக்கு. பாப்பரசர் என்று உரிமை கோரிய கோசா ஒருவர். திருச்சபையைக் கடுமையாக விமர்சித்த இங்கிலாந்தின் ஜான் விக்ளிஃப் இன்னொருவர். 1384-லேயே இறந்துவிட்ட அவரைத் திருமறைக்கு எதிரானவர் என்று அறிவித்து, எலும்புகளைத் தோண்டி எடுக்கச் சொன்னார்கள். மூன்றாமவர் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ். ஜெர்மானிய அரசர் சிகிஸ்முந்தின் பாதுகாப்பு உறுதிமொழியை நம்பி வந்தவர். ஜூலை 6 அன்று எரிக்கப்பட்டார். கோசா பிழைத்துக்கொண்டார். புளோரன்ஸில், திருமுழுக்கு யோவானுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஞானஸ்நானக் கோயிலுக்குள், தொனத்தெல்லோவும் மிக்கேலோட்ஸோவும் செதுக்கிய கல்லறை அவருக்குக் கிடைத்தது. 'ஒருகாலத்தில் பாப்பரசராக இருந்த 23ஆம் யோவான்' என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த வாசகம் அப்போதைய பாப்பரசருக்குப் பிடிக்கவே இல்லை.

1334-க்குப் பிறகு முறையான பாப்பரசர் எவரும் இந்தப் பெயரை எடுக்கவில்லை. 1958-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆஞ்சலோ ரொங்கால்லி துணிந்து எடுத்தார், அதே 23 என்ற எண்ணோடு. தன் தந்தையின் பெயர் அது என்றும், தான் திருமுழுக்குப் பெற்ற எளிய ஊர்க்கோயிலின் பெயர் அது என்றும் காரணம் சொன்னார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான்.

"இங்கிலாந்துல இரண்டாம் ஜான்னு ராஜாவே இல்லையே. ராசியில்லாத பேர்னு விட்டுட்டாங்களா?"

பாதி உண்மை. 1199 முதல் 1216 வரை ஆண்ட ஜான் மன்னருக்குக் கெட்ட பெயர்தான். 1204-ல் நார்மண்டியை இழந்தார், பாப்பரசரோடு சண்டை, கடைசியில் பிரபுக்கள் 1215 ஜூன் 15 அன்று ரன்னிமீட் புல்வெளியில் மகா சாசனத்துக்கு (மேக்னா கார்ட்டா) அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். (கையெழுத்துப் போட்டார் என்று பாடப் புத்தகங்களில் வரும். முத்திரை வைத்தார் என்பதே சரி.) ஆனால் அரச குடும்பம் பெயரை ஒதுக்கிவிடவில்லை. அவருடைய பேரன் முதலாம் எட்வர்டின் மூத்த மகனே ஜான். ஐந்து வயதில் இறந்துபோனான். அவன் பிழைத்திருந்தால் இரண்டாம் ஜான் வந்திருப்பார். ஐந்தாம் ஜார்ஜின் கடைசி மகனுக்கும் ஜான் என்றே பெயர். 13 வயதில், 1919-ல் இறந்தான்.

ராசி பார்த்து மாற்றியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1390-ல் முடிசூட வேண்டியவரின் பெயர் ஜான். ஆங்கிலேயரிடம் நாட்டைப் பறிகொடுத்த ஜான் பேலியலின் நினைவு அங்கே கசப்பாக இருந்ததால், மூன்றாம் ராபர்ட் என்று பெயர் மாற்றி முடிசூட்டினார்கள். மாற்றியும் அவருடைய ஆட்சி உருப்படவில்லை.

"பிரான்ஸ்ல இந்தப் பேர்ல ராஜா இருந்தாங்களா?"

இருவர். முதலாம் ழான் 1316-ல், தந்தை இறந்தபின் பிறந்தார், பிறந்தபோதே அரசர். ஐந்து நாளில் இறந்தார்.

இரண்டாம் ழான் கதையைக் கேட்க வேண்டும். 1356-ல் பொவாத்தியே போரில் ஆங்கிலேயர்களிடம் சிறைப்பட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார். 30 லட்சம் பொற்காசு மீட்புத்தொகை பேசி, ஈடாகத் தன் மகன்களையும் பிரபுக்களையும் பிணையாக விட்டுவிட்டு நாடு திரும்பினார். பணம் திரளவில்லை. பிணையாக இருந்த மகன் லூயி 1363-ல் தப்பி ஓடிவிட்டான். வாக்கு தவறிவிட்டதே என்று அந்த அரசர் தானாகவே கப்பலேறி லண்டன் சிறைக்குத் திரும்பினார்! 1364 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அவர் உயிர்விட்டது சவாய் மாளிகையில். மாளிகையின் சொந்தக்காரர் பெயரும் ஜான்தான். அவரிடம் கடைசிக் கேள்வியில் திரும்ப வருவோம்.

"இசைமேதை பாக்கோட (Bach) அண்ணன் தம்பி எல்லாருக்குமே யோஹான்தானாம். வீட்ல எப்படிக் கூப்பிட்டாங்க?"

இரண்டாவது பெயரைச் சொல்லி. ஜெர்மானிய லூத்தரன் குடும்பங்களில் யோஹான் என்பது பெரும்பாலும் முன்னால் ஒட்டும் திருமுழுக்குப் பெயர். கூப்பிடும் பெயர் அடுத்தது. யோஹான் செபாஸ்தியன் பாக்கின் அப்பா யோஹான் அம்ப்ரோசியுஸ், அண்ணன்கள் யோஹான் கிறிஸ்தோஃப், யோஹான் யாக்கோப், மகன்களில் ஒருவர் யோஹான் கிறிஸ்தியன். மொஸார்ட்டின் திருமுழுக்குப் பதிவும் யோவான்னெஸ் கிறிஸொஸ்தொமுஸ் என்றே தொடங்கும். அவர் பிறந்த ஜனவரி 27 அன்று புனித யோவான் கிறிஸொஸ்தொமின் திருநாள். 'பொன்வாய்' என்று பொருள்படும் பட்டம் அது.

நம்மூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனில் சீகன்பால்குவின் தோழராக இருந்தவர் யோஹான் எர்ன்ஸ்ட் குருண்ட்லர். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்து, 1779-ல் வேப்பேரியிலிருந்து தமிழ் அகராதியை வெளியிட்டவர் யோஹான் பிலிப் ஃபப்ரீசியஸ். தாவரங்களைச் சேகரித்த, அகராதியும் செய்த ராட்லரின் முழுப் பெயர் யோஹான் பீட்டர் ராட்லர். மூவரையும் யோஹான் என்று யாரும் சொல்வதில்லை.

"பிரெஸ்டர் ஜான்னு ஒரு ராஜா இந்தியாவுல இருந்தாராமே?"

இருந்ததே இல்லை. 12ஆம் நூற்றாண்டில், கிழக்கே எங்கோ ஒரு கிறிஸ்தவக் குரு-அரசர் ஆள்கிறார் என்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை பரவியது. 1165 வாக்கில் அவர் எழுதியதாக ஒரு கடிதமே ஊர் ஊராகச் சுற்றியது. மூன்று இந்தியாக்களும், தோமையாரின் உடல் அடக்கமான நாடும் தன் ஆட்சிக்குள் என்று அது பெருமையடித்தது. அதாவது நம் மயிலாப்பூரையும் சேர்த்து! போர்ச்சுகீசியர்கள் அவரை நிஜமாகவே தேடினார்கள். வாஸ்கோ ட காமா 1497-ல் புறப்பட்டபோது அவருக்குக் கொடுக்கக் கடிதம் கொண்டுவந்தார். கடைசியில் எத்தியோப்பிய அரசரே அவர் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள்.

நிஜமாக இங்கே வந்து தங்கிய ஒருவர் உண்டு. ஜொவான்னி த மொந்தெகொர்வினோ என்ற பிரான்சிஸ்கன் துறவி, சீனாவுக்குப் போகும் வழியில் 1290களின் தொடக்கத்தில் தோமையார் கோயில் இருக்கும் இடத்தில் 13 மாதம் தங்கியதாகத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

"முஸ்லிம்கள் வைக்கிற யஹ்யாவும் இதே பேரா?"

அதே ஆளைக் குறிக்கும் பெயர். திருக்குர்ஆனில் ஸக்கரிய்யாவின் மகன் யஹ்யா நபி. அந்தப் பெயர் அவருக்கு முன் யாருக்கும் வைக்கப்படவில்லை என்று அங்கே சொல்லப்படுகிறது. மேலே சொன்ன எழுதுபலகைக் காட்சியை அது நினைவூட்டும். டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலுக்குள் அவருடைய தலை அடக்கமாகியிருப்பதாக நம்பப்படும் இடம் உண்டு. 2001 மே மாதம் இரண்டாம் யோவான் பவுல் அங்கே சென்றார். பள்ளிவாசலுக்குள் நுழைந்த முதல் பாப்பரசர் அவர். கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் உலஹன்னான் என்ற பெயரும் இதுவே. ஐரோப்பா பக்கம் போகாமல் சிரியாக் மொழி வழியாக வந்தது.

"சினிமா ரிலீஸ் சமயத்துல 'ஜான் டோ ஆர்டர்'னு பேப்பர்ல போடறாங்களே, யார் அந்த ஜான் டோ?"

யாருமே இல்லை. பழைய ஆங்கிலேய நிலவழக்குகளில் சட்டத் தேவைக்காகக் கற்பனையாக ஒரு குத்தகைக்காரரை உருவாக்குவார்கள். அவருக்கு வைத்த பெயர் ஜான் டோ. அந்த வழக்குமுறை இங்கிலாந்தில் 1852-ல் ஒழிந்தது, பெயர் நின்றுவிட்டது. இன்று, யாரென்றே தெரியாத திருட்டு நகல்காரர்களுக்கு எதிராக நம் நீதிமன்றங்கள் தரும் தடையுத்தரவுக்கு அந்தப் பெயர். இந்தியாவில் ஜான் டோவுக்குப் பதில் 'அசோக் குமார்' என்று எழுதும் வழக்கமும் உண்டு.

"இப்பல்லாம் அங்க யாரும் ஜான்னு வைக்கிறதில்லையாமே?"

குறைந்துவிட்டது. அமெரிக்க அரசின் பெயர்ப் பட்டியல்களில் 1880 முதல் 1923 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜானுக்கே முதலிடம். இப்போது அந்த இடத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஆனால் செல்லப்பெயர் தலையெடுத்துவிட்டது: 1990களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேலாக இங்கிலாந்தில் ஜாக் முதலிடத்தில் இருந்தது. இயன், ஷான், இவான் போன்ற வடிவங்களும் தங்கள் நாட்டு எல்லையைத் தாண்டிப் பரவியிருக்கின்றன.

"நான் வரலாற்றுக் கட்டுரை எழுதறேன். எல்லாரையும் ஜான்னே எழுதிடலாமா, இல்ல அவங்கவங்க நாட்டு வழக்குப்படி எழுதணுமா?"

அவரவர் நாட்டு வடிவத்தில் எழுதுங்கள் என்றே நான் சொல்வேன். 1385 ஆகஸ்ட் 14 அன்று அல்ஜுபரோட்டா போரில் போர்ச்சுகலின் அரசர் காஸ்தீலின் அரசரைத் தோற்கடித்தார். வென்றவர் முதலாம் ஜோவாவ், தோற்றவர் முதலாம் ஹுவான். அடுத்து காஸ்தீல் அரியணை தனக்கே என்று படையோடு வந்தவர் இங்கிலாந்தின் ஜான் ஆஃப் காண்ட். சவாய் மாளிகைக்காரர் இவர்தான். கெண்ட் நகரில் பிறந்ததால் அந்தப் பெயர். அவர் தன் மகள் ஃபிலிப்பாவை 1387-ல் ஜோவாவுக்குக் கட்டிக்கொடுத்தார். இன்னொரு மகளை ஹுவானின் மகனுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். மூவரையும் ஜான் என்று எழுதிப் பாருங்கள்: ஜான் ஜானைத் தோற்கடித்தார், பிறகு ஜான் தன் மகளை ஜானுக்குக் கொடுத்தார். யாருக்கு என்ன புரியும்?

தமிழில் ஏற்கெனவே வேரூன்றிய வடிவங்களை மட்டும் தொட வேண்டாம். ஜோன் ஆஃப் ஆர்க், ஜான் கால்வின் (இவரும் பிரெஞ்சுக்காரர், ழான்தான்), பாப்பரசர்களுக்கு யோவான் அல்லது அருளப்பர் என்பவை வாசகருக்குப் பழகியவை. புதிதாக அறிமுகப்படுத்தும் ஆளுக்கு, முதல் முறை வரும்போது எந்த நாட்டவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; அதன்பிறகு கட்டுரை முழுக்க ஒரே வடிவத்தில் எழுதுங்கள்.